ராணி எறும்பு: மனத்தை விட்டு அகலாத சந்திப்புகள்

கட்டெறும்புப் பிரியன்:

மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தால் எங்கள் தெருவில் எல்லோரும் சன்னலைச் சாத்துவார்கள்; எறும்பு வளர்க்கும் நம்மைப் போன்றவர்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு ராணி எறும்பு தேடி மதிலோரம் போவோம். அங்கே கட்டெறும்பின் ராணி ஒன்று அகப்பட்டதையும், நீரும் பஞ்சும் அடைத்த சோதனைக்குழாயில் விட்டு வழக்கப்படி இருட்டு அலமாரியில் வைத்ததையும் விவரிக்கத் தேவையில்லை. இறக்கை உதிர்த்த ராணி இரை தேடாமல் பட்டினி கிடந்து, தன் பறக்கும் தசைகளைக் கரைத்தே முதல் புழுக்களை ஊட்டி வளர்க்கும் என்பதும் நாம் அறிந்ததுதான். ஆனால் முதல் வேலைக்கார எறும்பு வெளிவந்த விதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. புழு தன்னைச் சுற்றி நூற்றிருந்த பழுப்பு உறையை முன்னங்கால்களால் பிடித்துக்கொண்ட ராணி, அதன் ஒரு நுனியைத் தாடையால் கத்தரித்து, உள்ளே மடங்கிக் கிடந்ததன் உணர்கொம்புகளையும் கால்களையும் ஒவ்வொன்றாக விடுவித்து வெளியே இழுத்தது. வந்தது வெளிறிய மஞ்சள் நிறத்தில், நிற்க முடியாமல் ஒருபக்கம் சாய்ந்தது. ராணி அதை நக்கிக்கொண்டே இருந்தது. நேரில் இதைக் கண்டவர்கள் எழுதுங்கள்.

மலையடிவாரம்:

எனக்கு வாய்த்தது இதற்கு நேர்மாறானது. கூட்டு வாசலில் இறகும் சருகும் சேர்த்துவைக்கும் கறுத்த டயகம்மா எறும்பின் ராணியைத் தேடிப் பல மண்மேடுகளைக் கிளறிய பிறகுதான், அந்த இனத்தில் ராணி என்ற தனிப்பிறவியே கிடையாது, இணைசேர்ந்த வேலைக்கார எறும்பு ஒன்றே முட்டையிடுகிறது என்று அறிந்தேன். கண்ணாடிப் பெட்டியில் நான் பார்த்தது இதுதான்: உறையிலிருந்து அப்போதுதான் வந்த ஒன்றின் மார்பின் இருபுறமும், இறக்கை இருக்கவேண்டிய இடத்தில், மொட்டுப்போன்ற சிறு உறுப்புகள் இருந்தன. முட்டையிடும் எறும்பு அதன்மேல் ஏறி, முதலில் ஒன்றையும் சற்றுப் பொறுத்து மற்றொன்றையும் கடித்தெடுத்தது. மொட்டிழந்த எறும்பு ஆயுள் முழுவதும் இணைசேராமல் உழைக்கும். மேலே எழுதியவரின் உருக்கத்தைப் படித்ததும் இதுவே நினைவுக்கு வந்தது. எறும்புகள்மீது தாய்மையை ஏற்றிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சிவப்புத்தாள்:

ஒரு திருத்தம். எல்லா ராணிகளும் பட்டினி கிடந்து குடும்பம் தொடங்குவதில்லை. குதிக்கும் எறும்பான ஹார்பெக்னாதசின் ராணி தானே வேட்டையாடும். என்னிடமிருந்தது, நான் விட்ட சிறு சிலந்தியை ஒரே பாய்ச்சலில் பிடித்தது. என் அனுபவம் அவ்வளவே. ஆனால் புதியவர்களுக்குச் சொல்லவேண்டியவை நிறைய இருக்கின்றன. குழாயை அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள்; அதிர்வால் கலங்கும் ராணி முட்டைகளைத் தின்றுவிடக்கூடும். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிவைத்தால் நீங்கள் பார்க்கலாம், சிவப்பொளி எறும்புக்குச் சரியாகத் தெரியாது. மருந்தடித்த வீட்டுக் கரப்பானைத் தீனியாகப் போடாதீர்கள். சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், மூழ்கிச் சாகும். பெட்டியின் விளிம்பில் டால்கம் பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பூசினால் தப்பி ஏறாது. மழைக்கால ஈரத்தில் அது பிடிமானம் இழக்கும் என்பதால் மறுபடி பூசவேண்டும். பஞ்சில் பூசணம் ஏறினால், புதிய குழாயை வாயோடு வாய் சேர்த்து இருட்டில் வைத்து, பழையதன்மேல் வெளிச்சம் படச்செய்யுங்கள்; பெரும்பாலும் தாமாகவே குடிமாறும். ராணி கிடைக்காதவர்கள் வெளிமாநிலத்திலிருந்து கூரியரில் வரவழைத்துக்கொள்ளலாம்.

நத்தத்து மருமகன்:

அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியாது. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்து ஊர்களில் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு பெருகியபோது நான் மாமனார் வீட்டிலிருந்தேன். அது கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். கட்டிப்போட்டிருந்த வெள்ளாடு தலையை உதறிக்கொண்டே இருந்தது. பிடித்து இமையை விரித்தபோது கண் சிவந்து நீர் வடிந்தது, இமைமயிரில் இரண்டு எறும்புகள் அப்போதும் ஊர்ந்தன. பல ராணிகளோடு வாழும் அந்த இனம், கூட்டம் பிரிந்து நடந்தே பரவுகிறது. எறும்பு வளர்ப்பவர்கள் யாரும் அதைக் கொண்டுவந்து விட்டதாக நான் சொல்லவில்லை. ஊர் மாறிய எறும்பு என்ன செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன். எடுத்த மண்ணுக்கும் நட்டமே. 2025இல் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளைப் பஞ்சடைத்த குழாய்களில் வைத்திருந்த இரு பெல்ஜிய இளைஞர்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம், கட்டத் தவறினால் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பானது. நாம் வாங்குவதால்தான் அவர்கள் அடைக்கிறார்கள். உங்கள் தெருவில் பறப்பதை வளருங்கள்.

கட்டெறும்புப் பிரியன்:

தாய்மை என்று நான் எங்கும் எழுதவில்லை. நக்கியது என்றுதான் எழுதினேன். பட்டினியைப் பற்றிச் சொன்னதும் கட்டெறும்புக்கு மட்டுமே. டயகம்மா நண்பருக்கு ஒரு கேள்வி: முட்டையிடும் எறும்பு இறந்துவிட்டால், அடுத்து உறையிலிருந்து வருவது மொட்டோடு தப்புமா?

மலையடிவாரம்:

தப்பும். தன் மொட்டைக் காத்துக்கொண்டு, பின்னால் வருபவற்றின் மொட்டுகளைக் கடித்துவிடும். பிறகு கூட்டு வாசலில் மணம் பரப்பி அயற்கூட்டு ஆணை அழைக்கவேண்டும்; இணைசேராவிட்டால் அது இடும் முட்டைகளிலிருந்து ஆண்களே வரும். பெட்டிக்குள் அயற்கூட்டு ஆண் வர வழியில்லாததால், என்னுடையதை எடுத்த மேட்டிலேயே திருப்பி விட்டேன்.