சக்ஷன் (பம்ப் உறிஞ்சும் பக்க) அழுத்தம் ஏறி இறங்கும் கண்டென்சேட்டுக்கு (ஸ்டீம் ஆறித் திரும்பும் தண்ணீருக்கு) எந்தப் பம்ப் போடலாம்?

உமிநெருப்பு (தம்பலகாமம்):
பம்ப் விஷயம் தெரிந்த அண்ணாமார் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் டிரையருக்கு உமி பொய்லரிலிருந்து ஸ்டீம் போகிறது. ஈர நெல் கொட்டியதும் ஸ்டீம் வால்வு முழுதாகத் திறந்து கொயிலில் (ஸ்டீம் ஓடும் குழாய்ச் சுருளில்) 3 பார் நிற்கும், நெல் காயக் காய வால்வு தானாக மூடிக்கொண்டு வந்து 0.5 பாருக்கு இறங்கிவிடும். கண்டென்சேட் விழுகிற ரிசீவர் (சேரும் தாங்கி) கொயிலோடு பேலன்ஸ் பைப்பால் இணைந்திருப்பதால் அங்கேயும் அதே அழுத்தம்தான். அந்தத் தண்ணீரை மணிக்கு 4 கன மீட்டர் கணக்கில், பொய்லர் அறைக்கு மேலே 8 மீட்டர் உயரத்தில் உள்ள திறந்த ஃபீட் தாங்கிக்கு ஏற்ற வேண்டும். ரிசீவரின் தண்ணீர் மட்டம் பம்பை விட 1 மீட்டர்தான் உயரம். இப்போதுள்ள பம்ப் அடிக்கடி கரகரவென்று சத்தம் போடுகிறது, கழற்றினால் இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) முழுக்கக் குழி. புதுப் பம்ப் விற்க வந்தவர், "குறைந்தது 0.5 பார் இருக்கிறதே, அதுவே 5 மீட்டர் என்.பி.எஸ்.எச். (பம்ப் வாயில் தண்ணீர் கொதிக்காமல் இருக்க ஆவியழுத்தத்துக்கு மேல் உள்ள மிச்ச அழுத்தம், மீட்டர் கணக்கில்), இந்தப் பம்புக்கு 2.5 போதும்" என்கிறார். நம்பி வாங்கலாமா?

சீனக்குடா ஃபிட்டர்:
வாங்காதீர்கள் தம்பி. அந்தக் கணக்கு குளிர்ந்த தண்ணீருக்குச் சரி, உங்களுடையது கொதிநிலையிலேயே நிற்கிற தண்ணீர். 0.5 பாரில் அது 111 பாகையில் இருக்கும், 3 பாரில் 143க்கு மேல். அந்த அந்த வெப்பத்தில் ஆவியழுத்தம் எவ்வளவோ அதேதான் ரிசீவருக்குள் இருக்கும் அழுத்தமும். என்.பி.எஸ்.எச். கணக்கில் ஒன்றைக் கூட்டி மற்றதைக் கழிக்கும்போது இரண்டும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது உங்கள் 1 மீட்டர் உயரம், அதிலும் பைப், வால்வு, ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) தின்கிறது போக 0.7 மீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். கேஜில் 3 பார் காட்டினாலும் இதே 0.7தான். 2.5 கேட்கிற பம்பை அங்கே வைத்தால் அதுவும் இப்போது இருப்பதைப் போலத்தான் அழியும். கேட்டலாக்கில் போடுகிற அளவே ஹெட் (பம்ப் தள்ளும் உயரம்) நூற்றுக்கு 3 விழுந்த பிறகு எடுத்த அளவு, அதற்கு மேலே இன்னும் ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும்.

இன்னொன்று, உங்களுடைய இடத்தில் இதுதான் பெரிய பிரச்சினை என்று நினைக்கிறேன். வால்வு சட்டென்று மூடி அழுத்தம் வேகமாக இறங்கும்போது, ரிசீவரில் இருக்கிற தண்ணீர் கொதித்துத் தன்னைத் தானே குளிர்த்திக்கொள்ளும், ஆனால் சக்ஷன் பைப்பில் ஏற்கெனவே இறங்கிவிட்ட தண்ணீர் பழைய சூட்டிலேயே நிற்கும். சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி அது பைப்புக்குள்ளேயே பொங்கிவிடும். சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள், வால்வு மூடுகிற நேரத்தோடு ஒத்துப்போகும். சக்ஷன் பைப் நீளம் குறையட்டும், எல்போ குறையட்டும். உராய்வு குறையும் என்று மிகவும் பெரிய பைப் போட்டால் சூடான தண்ணீர் அதிக நேரம் அதற்குள் தங்கும், அதுவும் கூடாது.

கொட்டியாரம்:
மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனால் டெலிவரி (பம்ப் வெளியே தள்ளும்) பக்கத்தையும் பாருங்கள். 8 மீட்டர் உயரம், உராய்வு ஒரு 4 மீட்டர் என்று வைத்தால் 12 மீட்டர், ஒரு பாரைவிடக் கொஞ்சம் கூட. ரிசீவரில் 3 பார் இருக்கும்போது பம்ப் இல்லாமலே தண்ணீர் மேலே ஏறிவிடும்! அந்த நேரத்தில் பம்பும் ஓடினால் எதிர்ப்பே இல்லாமல் அளவுக்கு மீறித் தள்ளும், மோட்டார் ஆம்பியர் ஏறும், ஓட்டம் கூடக் கூட என்.பி.எஸ்.எச். தேவையும் கூடும். வெறும் மிதவை சுவிட்சில் ஓன் ஓஃப் பண்ணுவது இங்கே சரிவராது. டெலிவரியில் மட்டத்தைப் பார்த்துத் திறக்கிற கன்ட்ரோல் வால்வு ஒன்று வேண்டும், அதை ஃபீட் தாங்கிக்குக் கிட்ட வையுங்கள், ஏனென்றால் 3 பார் தண்ணீர் திறந்த தாங்கிக்குப் போனால் நூற்றுக்கு 8 பங்கு அங்கேயே ஆவியாகும், பைப் நெடுக ஆவியாக விட்டால் அடி அடியென்று அடிக்கும். மினிமம் ஃப்ளோ லைனை (வால்வு மூடினாலும் பம்பில் கொஞ்சம் ஓட்டம் இருக்க விடும் பைப்பை) திரும்ப ரிசீவருக்கே விடுங்கள், சக்ஷன் பைப்பில் கொண்டுபோய்க் கோர்க்க வேண்டாம்.

உமிநெருப்பு:
சத்தம் வால்வு மூடுகிற நேரத்தில்தான் வருகிறது, இன்று நின்று பார்த்தேன். ரிசீவரை உயர்த்த வழியே இல்லை, கொயில் மேலேயே முட்டும். தரையைத் தோண்டிப் பம்பை இறக்கலாமா? மாரியில் அந்த இடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும்.

மூதூர் மெக்கானிக்:
தோண்ட வேண்டாம் தம்பி, குழிக்குள் மோட்டார் நனைந்தால் அது தனிச் செலவு. 4 கன மீட்டர்தானே, ஸ்டீமால் தள்ளுகிற மிதவைப் பம்ப் போடுங்கள். தண்ணீர் தானாக உள்ளே விழும், மிதவை ஏறியதும் ஸ்டீம் திறந்து தள்ளிவிடும், பிறகு உள்ளே நிற்கும் ஸ்டீம் ரிசீவருக்கே திரும்பும். இம்பெல்லர் இல்லை, சீல் இல்லை, கரண்ட் தேவையில்லை, உங்களிடம் இருக்கிற 1 மீட்டர் அதற்குத் தாராளம். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பம்புக்குப் பிறகு ஒரு ஸ்டீம் ட்ராப் (தண்ணீரை விட்டு ஸ்டீமைத் தடுக்கும் வால்வு) கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கொயிலில் 3 பார் நிற்கிற நேரத்தில் தண்ணீர் போன பின்னாலேயே இன்னும் தண்ணீராகாத ஸ்டீமும் ஃபீட் தாங்கிக்குப் போய்விடும். பம்ப், ட்ராப் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரியும் விற்கிறார்கள், விலை கேட்கும்போது அதையும் கேளுங்கள்.

சீனக்குடா ஃபிட்டர்:
இதுதான் நல்ல வழி. தள்ளுகிற ஸ்டீமை டிரையர் வால்வுக்கு முன்னாலிருந்து எடுங்கள், பின்னாலிருந்து எடுத்தால் அழுத்தம் விழுகிற நேரத்தில் பம்புக்கும் வலு இருக்காது. அந்த லைனிலும் ஒரு ட்ராப், ஒரு ஸ்ட்ரெய்னர். பழைய பம்பை வேறு குளிர்தண்ணீர் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், இம்பெல்லரை மட்டும் மாற்றுங்கள்.