சுவரை மூடுவதற்கு முன் நடக்கும் ஆய்வுக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். புது வீடு கட்டுவோருக்கும் பழைய வீட்டைப் புதுப்பிப்போருக்குமான கட்டட அனுமதிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அனுமதி, வரைபட ஒப்புதல், குடியேறல் சான்று எல்லாம் ஒருவழியாகப் படிந்துவிட்டன. 'ரஃப்-இன் இன்ஸ்பெக்‌ஷன்' மட்டும் இடறுகிறது. மின்கம்பி இழுத்தாயிற்று, குழாய் பதித்தாயிற்று. சுவிட்சு, வாஷ்பேசின் எதுவும் இன்னும் மாட்டவில்லை. சுவர் திறந்து கிடக்கிறது. அந்த நிலையில் ஆய்வாளர் வந்து பார்ப்பதுதான் இது. முந்தைய பதிப்பில் 'தோராய ஆய்வு' என்று போட்டிருக்கிறார்கள். படிப்பவர், யாரோ வந்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போவார் என்றுதானே நினைப்பார்? தவறவிட்டால் சுவரை உடைக்க வேண்டிவரும் ஆய்வு இது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

தமிழாசிரியர்:
'மறைபணி ஆய்வு' என்று வைக்கலாம் அம்மா. வினைத்தொகை. மறைந்த பணி, மறைகின்ற பணி, மறையும் பணி என்று மூன்று காலமும் உள்ளே அடங்கும். இன்று கண்ணுக்குத் தெரிகிற கம்பி நாளை சுவருக்குள் மறையப் போகிறது. இதைவிடப் பொருத்தமாக ஒரு தொகை அமையாது. ஒன்று மட்டும் கவனம்: வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அச்சில் ஒரு 'ப்' கூடி 'மறைப்பணி' ஆகிவிட்டால் அது சமயப் பரப்புரைப் பணியைக் குறிக்கும்.

கட்டடப் பொறியாளர்:
ஐயா, ஒரு எழுத்தில் பொருள் மாறிவிடும் சொல்லைக் கையேட்டில் வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. அதே வினைத்தொகையை 'மறைத்த பணி' என்றும் விரிக்கலாம் அல்லவா? அனுமதி வாங்காமல் மறைத்துச் செய்த வேலை என்று படித்துவிட்டால் கையேட்டின் நோக்கமே தலைகீழாகிவிடும்.

எங்கள் வீட்டிலேயே பட்டோம். குளியலறையைப் புதுப்பித்தபோது, ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாளே ஒப்பந்தக்காரர் டைல்ஸ் ஒட்டி முடித்துவிட்டார். பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போட முடியாது என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். கீழிரண்டு வரிசை டைல்ஸை உடைத்தோம். உள்ளே வடிகுழாயின் ஒரு வளைவில் பசையே தடவாமல் வெறுமனே செருகி வைத்திருந்தார்கள். கையால் இழுத்ததும் வந்துவிட்டது. உடைத்த அன்று எனக்கு வந்த கோபம் அந்தக் குழாயைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அதனால் கேட்கிறேன்: சொல்லிலேயே 'மூடாதே, பொறு' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். 'மூடுமுன் ஆய்வு' எப்படி?

தனித்தமிழ் அன்பர்:
'மூடுமுன் ஆய்வு' எனக்கு உடன்பாடே. ஆனால் கையேட்டின் பெயரிலேயே 'அனுமதி' என்ற வடசொல் நிற்கிறதே! 'இசைவு' இருக்க அது எதற்கு? 'கட்டட இசைவு' என்று இப்போதே திருத்திவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
இசைவு அழகான சொல்தான் ஐயா. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தலையசைப்பதும் இசைவுதான். இங்கே பேசுவது காலக்கெடு உள்ள ஒன்று. அமெரிக்காவில் பெரும்பாலும் பின்பற்றப்படும் சர்வதேசக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின்படி, அனுமதி கிடைத்து 180 நாளுக்குள் வேலை தொடங்காவிட்டால் அது செல்லாது. இந்தக் கனம் 'அனுமதி'யில் எல்லோருக்கும் புரிகிறது. விண்ணப்பத்தில் ஒரு சொல், கையேட்டில் வேறு சொல் என்று இருந்தால் படிப்பவர்தான் திண்டாடுவார்.

தமிழாசிரியர்:
'மூடுமுன்' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூடும் + முன் என்பதில் மகரம் கெட்டு 'மூடுமுன்' ஆகிறது. பிழை இல்லை. 'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்' என்ற 435ஆம் குறளிலேயே இந்த அமைப்பு இருக்கிறது. அதே குறளில் இரண்டு 'முன்னர்' வருவதைப் பாருங்கள். முதலாவது காலம், இரண்டாவது இடம். வினையோடு சேர்ந்தால் காலம், பெயரோடு சேர்ந்தால் இடம். ஆகவே யாராவது 'சுவர்முன் ஆய்வு' என்று சுருக்கினால், சுவருக்கு எதிரே நின்று பார்ப்பது என்று ஆகிவிடும். இடம் என்றதும் 'முன்றில்' நினைவுக்கு வருகிறது. இல்முன் என்பதே முன்றில் என்று திரும்பி நிற்கிறது. தொல்காப்பியர் இதற்கென்று தனி விதியே வகுத்தார். வீட்டுக்கு முன்னால் கட்டாமல் விட வேண்டிய இடத்துக்குச் 'செட்பேக்' என்கிறீர்களே, அதற்கு 'முன்றில்' என்றே வைக்கலாம். நெடுநல்வாடையில் 'நுண்ணிதின் கயிறு இட்டு' மனை வகுக்கும் இடத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். திசை பார்த்து, அளவெடுத்து, அப்புறம்தான் கட்டினார்கள்.

கட்டடப் பொறியாளர்:
முன்பக்க இடைவெளிக்கு முன்றில் சரி ஐயா, பக்கவாட்டுக்கும் பின்புறத்துக்கும் என்ன செய்வது? அதைத் தனி இழையில் பேசுவோம்.

மின்பணியாளர்:
எல்லாம் படித்தேன். வேலைத்தளத்தில் நாங்கள் 'ரஃப்-இன்' என்றுதான் சொல்கிறோம். ஆய்வுக்கு நாள் கேட்டுத் தொலைபேசியில் பேசும்போதும் அந்தச் சொல்தான் வேண்டும். அதைக் கையேட்டிலிருந்து அடியோடு எடுத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் பழக்கத்தில் இதே வேலைக்கு 'ஃபர்ஸ்ட் ஃபிக்ஸ்' என்று பெயர். சுவர் மூடிய பிறகு சுவிட்சும் விளக்கும் மாட்டுவது 'செகண்ட் ஃபிக்ஸ்'. 'முதற்பொருத்து', 'மறுபொருத்து' என்றால் எங்கள் வேலை வரிசைக்கே ஒத்துவரும்.

ஆய்வாளர் என்ன பார்க்கிறார் என்றும் நாலு வரி எழுதுங்கள். அமெரிக்க மின்விதியில், சுவிட்சுப் பெட்டிக்குள் கம்பி குறைந்தது 6 அங்குலம் விட்டிருக்க வேண்டும். மரச்சட்டத்தின் முகப்பிலிருந்து 1¼ அங்குலத்துக்குள் துளையிட்டுக் கம்பி ஓடினால், ஆணி துளைக்காதபடி மேலே இரும்புத் தகடு அடிக்க வேண்டும். பூசி மூடிய பிறகு இதையெல்லாம் எந்தக் கண் பார்க்கும்? செங்கல் சுவரில் காடி வெட்டிக் குழாய் பதித்தாலும் இதே கதைதான்.

தனித்தமிழ் அன்பர்:
முதற்பொருத்து நன்று. ஆனால் வீட்டுக்காரருக்கு அது எதையும் எச்சரிக்கவில்லை. என் வாக்கு மூடுமுன்னுக்கே.

கட்டடப் பொறியாளர்:
ஓர் ஐயம் வரலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். அடித்தளத்தில் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றும் முன் பார்ப்பதும் ஒருவகையில் 'மூடும் முன்'தான். அது வேறு ஆய்வு. எனவே 'சுவர் மூடுமுன் ஆய்வு' என்று முழுசாகப் போடுங்கள். கூரையடி, தரையடி வேலையும் இதில் வரும் என்பதை விளக்கத்தில் சேர்த்தால் போதும்.

மொழிபெயர்ப்பாளர்:
நேரம் ஆகிவிட்டது. மூன்று பேர் மூடுமுன் பக்கம் இருக்கிறோம். முதலில் வரும் இடத்தில் 'ரஃப்-இன் எனப்படும் சுவர் மூடுமுன் ஆய்வு' என்று எழுதி, அதன் பிறகு 'மூடுமுன் ஆய்வு' என்றே கொண்டுபோகிறேன். மின்பணியாளர் சொன்ன 6 அங்குலமும் தகடும் ஒரு பெட்டிச் செய்தியாக வருகின்றன. அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
அச்சு அவசரம் புரிகிறது. ஆனாலும் 'மறைபணி'யை நான் விடவில்லை. மூடுமுன் என்பது வேளையைச் சொல்கிறது, எதை ஆய்கிறோம் என்று சொல்லவில்லை. என் சொற்பட்டியலில் மறைபணியே இருக்கும். அப்புறம், கடைசியாக நடப்பதற்கு 'இறுதி ஆய்வு' என்று போட்டிருக்கிறீர்களா அம்மா? குடிபுகப் போகும் வீட்டுக்கு 'இறுதி' வேண்டாம். 'நிறைவு ஆய்வு' என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா?