பலிகடான்னா யாரு? தப்பு செஞ்சவனும் அதே வார்த்தைய சொல்றானே

தண்டையார்பேட்டைலேருந்து கேக்குறேன். எங்க தெருவுல மூணு மாசமா குடிதண்ணில சாக்கடை வாடை. ஜனங்க காலி குடத்தோட ரோட்ல உக்காந்த அப்புறம் வால்வு தொறக்குற கான்ட்ராக்ட் அண்ணன வேலைய விட்டு தூக்கிட்டாங்க, அவரு போயி ஒரு மாசம் ஆச்சு வாடை அப்டியே கீது. எங்கம்மா "அவன பலிகடா ஆக்கிட்டாங்கடா"ன்றாங்க. ஆனா லஞ்சம் வாங்கி கையும் களவுமா மாட்னவனும் நான் பலிகடான்னுதான் பேட்டி குடுக்குறான். அப்ப யாருதான் பலிகடா?

ராயபுரம்காரன்:
பைபிள்ல லேவியராகமம் 16ம் அதிகாரம் படிங்க ப்ரோ. ரெண்டு வெள்ளாட்டுக்கடா, சீட்டு போட்டு ஒண்ண பலி குடுப்பாங்க, இன்னொன்னு தலைமேல ஆசாரியன், அதான் அவங்க பூசாரி, ரெண்டு கையையும் வெச்சு ஜனங்களோட பாவத்த எல்லாம் அறிக்கை பண்ணி அத உயிரோட வனாந்தரத்துக்கு அனுப்பிருவாங்க. இங்கிலீஷ்ல ஸ்கேப்கோட்ன்றது இந்த ரெண்டாவது ஆடுதான், 1530ல டிண்டேல் மொழிபெயர்ப்புல வந்த வார்த்தை. உங்க வால்வு அண்ணனும் அதான், ஊர் பாவத்த ஏத்தி வெளிய ஓட்டி விட்டாங்க.

புளியந்தோப்பு பாய்:
தன் தப்புக்கு மாட்னா அது தண்டனை தம்பி. பத்து பேரு தப்ப ஒருத்தன் தலைல கட்டி, இவன் போனா எல்லாம் சரியாயிடும்னு ஜனங்கள நம்ப வெச்சா அதான் பலிகடா. கொரோனா வந்தப்போ டெல்லில நடந்த தப்லீக்ன்ற முஸ்லிம் மதக் கூட்டத்த காட்டி எங்க ஆளுங்க எல்லாரையும் நோய் பரப்புறவன்னு பேசுனாங்க, காய்கறி வண்டிக்காரன்கிட்ட கூட பேர கேட்டு வாங்குனாங்க, அந்த வலி இன்னும் போவல. 2020 ஆகஸ்ட்ல பாம்பே ஹைகோர்ட் அவுரங்காபாத் பெஞ்ச், அந்தக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரங்க மேல போட்ட கேஸ ரத்து பண்ணப்போ இதே வார்த்தையத்தான் சொல்லுச்சு, பேரிடர் வந்தா அரசாங்கம் பலிகடா தேடும்னு.

வியாசர்பாடி அக்கா:
நம்ம அம்மன் கோயில்ல கடா வெட்டுறதுக்கு முன்னாடி மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க பாத்திருக்கியா, குளிருக்கு அது ஒடம்ப உலுக்கும், உடனே சம்மதம் குடுத்துடுச்சும்பாங்க. வேலைய விட்டு தூக்குறப்போ எழுதி வாங்குற லெட்டர் அந்த மஞ்சத்தண்ணி மாதிரிதான் எனக்கு படுது. அவர்கிட்ட எதுலயாவது கையெழுத்து வாங்குனாங்களான்னு கேளு. அப்டியே 10 ரூபா கட்டி ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமை மனு, போடு, அந்த பைப்பு எந்த வருஷம் போட்டது, கடைசியா எப்ப மாத்துனாங்கன்னு, 30 நாள்ல பதில் சொல்லியாவணும்.

கேள்வி கேட்டவன்:
அக்கா, இப்பதான் அவரு வூட்டுக்கு போயிட்டு வரேன். கையெழுத்து வாங்கிருக்காங்க, என்னா எழுதிருக்குன்னு படிக்க கூட விடலயாம். எங்க தெருல பதினோரு வீட்ல பேசிட்டேன், நாளைக்கு ஆர்டிஐ எழுதுறோம், அவரையும் கூட்டிட்டுதான் போறோம்.