தானாகவே அணைந்து எழும் கணினி: எதை முதலில் மாற்றுவது?

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டுக் கணினி பத்து நாட்களாகச் சொல்லாமல் கொள்ளாமல் மறுதொடக்கம் ஆகிறது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத் திரை வருவதில்லை; மின்சாரம் போனதுபோல் பட்டென்று அணைந்து, இரண்டு நொடியில் விசிறி மறுபடி சுழல்கிறது. விண்டோஸ் 10, ஏழு வருடப் பழைய பெட்டி. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் ‘கெர்னல் பவர் 41’ என்று பதிவாகிறது. முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை.

ரேமைக் கழற்றி அழிப்பானால் தேய்த்துப் பொருத்தினேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் இரவு முழுவதும் ஓடியது, ஒரு பிழைகூட இல்லை. விசிறியில் பஞ்சாக அடைந்திருந்த தூசியை எடுத்தேன். வெப்பம் 60 டிகிரியைத் தாண்டவில்லை. யு.பி.எஸ் இல்லாமல் நேரடியாகச் செருகியும் அதே கதைதான்.

மகள் காணொளி வகுப்பில் இருக்கும்போதுதான் அடிக்கடி அணைகிறது. பாவம், போன வாரம் தேர்வின் நடுவிலேயே போய்விட்டது. அந்த நேரத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) வரும் மஞ்சள் கம்பியில் 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 11.2 காட்டுகிறது. 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது அல்லவா? மதர்போர்டில் பிராசசரை ஒட்டி இரண்டு கெப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைச் சீராக்கும் சிறு உருளைகள்) தலையும் லேசாக உப்பியிருக்கிறது.

பழுது பார்ப்பவர் பெட்டியைத் திறக்காமலே மதர்போர்டை மாற்றச் சொல்கிறார். முதலில் எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா? உப்பிய கெப்பாசிட்டர்களை மாற்றிப் பலன் கண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அடுத்த தேர்வு திங்கட்கிழமை. அதற்குள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.