2 வயது 4 மாதம்: இரவு 11 மணி வரை தூங்குவதில்லை. வைட்டமின் சிரப் கொடுக்கலாமா?

மதுரைமல்லி:

மகனுக்கு 2 வயது 4 மாதம், எடை 11 கிலோ. ராத்திரி 11 மணிக்கு முன்னால் கண் மூடுவதே இல்லை. காலை ஏழரைக்கு எழுந்திருப்பான். மதியம் இரண்டரையிலிருந்து ஐந்து வரை தூக்கம். இரவில் இரண்டு தடவை சிணுங்கி எழுந்து புட்டிப் பால் கேட்பான், தடவைக்கு 150 மில்லி. இதுபோக காலையில் 200, மாலையில் 200. சோறு நாலு வாய்தான். முட்டை வாரத்துக்கு ஒன்று, கீரை வைத்தால் துப்பிவிடுவான். தூக்கத்தில் காலை உதைத்துக்கொண்டே புரள்கிறான்.

மாமியார் சத்துக் குறைவு என்கிறார். கடையில் ஒரு மல்டிவைட்டமின் சிரப்பும், பசி எடுக்க ஒரு சிரப்பும் கொடுத்தார்கள். இரண்டையும் இன்னும் திறக்கவில்லை. இந்த வயதுக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் வேண்டும்? வைட்டமின் கொடுத்தால் தூக்கம் சரியாகுமா? ஜாதிக்காய் உரசிக் கொடுக்கவும் சொல்கிறார்கள்.

குழந்தைநலன்:

முதலில் கணக்குப் போடுங்கள். இரவு எட்டரை மணி நேரம், பகலில் இரண்டரை, ஆகப் பதினொன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு, 1–2 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11–14 மணி நேரம். 3–4 வயதுக்கு 10–13. எனவே உங்கள் பையன் தூங்காத பிள்ளை இல்லை. அளவு கீழ்வரம்பில் நிற்கிறது, நேரம்தான் தள்ளிப் போயிருக்கிறது.

இந்த வயதில் பகல் தூக்கம் கலைந்த பிறகு ஐந்தரை, ஆறு மணி நேரம் விழித்திருந்தால்தான் மறுபடி தூக்கம் வரும். ஐந்து மணிக்கு எழுந்தவன் பதினொன்றுக்குப் படுப்பதில் வியப்பில்லை. ஒன்பது மணிக்கே படுக்கவைத்து விளக்கை அணைத்தால் இரண்டு மணி நேரம் அழுகையும் கதையும்தான் மிஞ்சும்.

மாற்றத்தைக் காலையிலிருந்து தொடங்குங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் ஏழு மணிக்கு எழுப்பி, ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை எழுப்பும் நேரத்தையும் மதியத் தூக்கத்தையும் கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். கடைசியில் காலை ஆறே முக்கால், மதியம் பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டரை வரை, இரவு எட்டரை என்று வந்து நிற்க வேண்டும். மதியம் மூன்று மணிக்குமேல் தூங்கவிடாதீர்கள். கார், பைக்கில் போகும்போது மாலையில் போடும் பத்து நிமிடக் குட்டித் தூக்கம்கூட இரவை ஒரு மணி நேரம் தள்ளிவிடும். மதியத் தூக்கத்தை ஒரேயடியாக நிறுத்துவதும் தவறு. மூன்று வயதுக்கு முன் நிறுத்தினால் மாலை ஆறு மணிக்கு அளவுமீறிய சோர்வு, அதனால் முரண்டு, அதன்பின் இன்னும் மோசமான இரவு.

படுக்கும் முன் ஒரு மணி நேரம் செல்போன் வேண்டாம். ஹாலில் பத்தரை வரை சீரியல் ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் எட்டரைக்குத் தூங்காது என்பதைப் பெரியவர்களிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

இரவில் எழுவது தனிக் கதை. எல்லாக் குழந்தைக்கும் இரவில் பல தடவை தூக்கம் லேசாகக் கலையும். புட்டியோடு தூங்கிப் பழகிய பிள்ளை அப்போது புட்டியைத் தேடும், தூளியில் ஆட்டித் தூங்கவைத்த பிள்ளை ஆட்டத்தைத் தேடும். 150ஐ இரண்டு இரவுக்கு ஒருமுறை 30 மில்லி குறைத்துக்கொண்டே வாருங்கள். 60க்கு வந்ததும் பாலை நிறுத்தி, டம்ளரில் தண்ணீர். இரண்டு, மூன்று இரவு அழுகை இருக்கும். இரவுப் புட்டியை நிறுத்தினால் முன்பற்கள் சொத்தையாவதும் குறையும்.

கால் உதைப்பதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரும்புச்சத்து குறைந்தால் தூக்கத்தில் கால் அமைதியாக இருக்காது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். சளி, காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால் குணமாகி இரண்டு வாரம் கழித்து எடுங்கள். இரத்த சோகைக்கான வரம்பு ஒன்று, தூக்கத்துக்கான வரம்பு வேறு: கால் உதைக்கும் குழந்தைக்கு ஃபெரிட்டின் 50க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம். வாயைத் திறந்து குறட்டை விடுகிறானா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறானா என்றும் கவனியுங்கள். அப்படியென்றால் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையைப் பார்க்க காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

கீரைக்கட்டு:

பாலைக் கூட்டிப் பார்த்தீர்களா? 700 மில்லி. பாக்கெட் பாலில் அது சுமார் 400 கலோரி. இந்த வயதுக்கு ஒரு நாள் தேவையே ஏறக்குறைய 1,000தான். வயிறு பாலிலேயே நிரம்பிய பிள்ளை நாலு வாய் சோறு தின்பதே பெரிது. பசி சிரப்புக்கு இங்கே வேலையே இல்லை.

700 மில்லி பசும்பாலில் அரை மி.கி. இரும்புகூடத் தேறாது. 1–3 வயதுக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் குறித்த அளவு தினம் 8 மி.கி. போதாததற்கு, பாலில் உள்ள கால்சியம் உணவிலுள்ள கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. மொத்தப் பாலை 400–500 மில்லிக்குள் கொண்டுவாருங்கள். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பு பால் வேண்டாம். ஒரு வாரத்தில் தட்டில் வித்தியாசம் தெரியும்.

கேழ்வரகை மட்டும் நம்பாதீர்கள். 100 கிராமில் 4.6 மி.கி. இரும்பு இருந்தாலும் பிள்ளை குடிக்கும் கூழில் 25 கிராம் மாவுதான் இருக்கும், அதிலும் உடம்பில் சேருவது சொற்பம். அசைவ வீடாக இருந்தால் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்), கோழி ஈரல்: வாரம் ஒருமுறை, மசித்த இரண்டு சிறு துண்டு போதும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், ஆகையால் தினமும் கூடாது. சைவம் என்றால் பருப்பு, சுண்டல், முருங்கைக்கீரை. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், அல்லது கூடவே கொய்யா கொடுங்கள். வைட்டமின் சி இருந்தால்தான் தாவர இரும்பு உருப்படியாகச் சேரும். கீரையைத் துப்பினால் அரைத்து அடை மாவில் கலந்துவிடுங்கள்.

பொடிமாத்திரை:

கடையில் கொடுத்த பாட்டில்களைப் பற்றி. பசி சிரப்பின் லேபிளில் சைப்ரோஹெப்டடின் என்று இருக்கிறதா பாருங்கள். அது ஒவ்வாமை மருந்து. தூக்கக் கலக்கமும் பசியும் அதன் பக்கவிளைவு. "டானிக் கொடுத்ததும் நன்றாகத் தூங்குகிறான்" என்று பலர் சொல்வதன் ரகசியம் இதுதான். மருத்துவர் எழுதாமல் கொடுக்காதீர்கள். சளி சிரப்பைத் தூங்கவைக்கப் பயன்படுத்துவதும் இதே ஆபத்துதான். குளோர்பெனிரமைனும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை 4 வயதுக்குக் கீழ் தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்லிவிட்டது. தூக்க ஹார்மோனான மெலடோனின் கலந்த மிட்டாயையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஜாதிக்காயும் வேண்டாம். அதிலுள்ள மிரிஸ்டிசின் மூளையைப் பாதிக்கும், ஒரு உரசலில் எவ்வளவு வருகிறது என்று யாராலும் அளக்க முடியாது.

மல்டிவைட்டமின் சிரப்பில் பெரும்பாலும் சர்க்கரையும் பி வைட்டமின்களும்தான். உங்கள் பையனுக்குத் தேவைப்படக்கூடிய இரும்பு அதில் இருக்காது, இருந்தாலும் மிகக் குறைவு. வைட்டமின் ஏ ஏற்கெனவே அரசுத் திட்டத்தில் கிடைக்கிறது: 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம். தடுப்பூசி அட்டையில் குறித்திருக்கிறதா பாருங்கள்.

வைட்டமின் டி பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 யூனிட். அதற்குமேல் தேவை 600. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 400 யூனிட் உள்ளதும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. பிராண்டை மாற்றினால் அளவும் மாறும். பெரியவர்களுக்கு வாரம் ஒன்று எழுதும் 60,000 யூனிட் மருந்தைப் பிள்ளைக்குத் தினமும் கொடுத்துவிடுவதுதான் பெரிய விபத்து. வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், பசியின்மை வரும். பசியில்லை என்று இன்னொரு டானிக் சேர்ப்பார்கள்.

கீரைக்கட்டு:

வைட்டமின் டி விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். காலை ஏழு மணி வெயிலில் நிறுத்தினால் போதும் என்பது தவறு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயிலில்தான் தோல் வைட்டமின் டி செய்யும். அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் வெளியே போக வழியிருக்காது. அதனால் இதை மட்டும் மருத்துவரிடம் கேட்டு ஒரு வயதுக்குப் பிறகும் தொடர்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

மதுரைமல்லி:

நன்றி. ரிப்போர்ட் வந்தது: ஹீமோகுளோபின் 9.8, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 66, ஃபெரிட்டின் 7. அங்கன்வாடியில் கொடுத்த இரும்பு சிரப் வீட்டில் இருக்கிறது. அதையே தினமும் கொடுக்கலாமா?

குழந்தைநலன்:

இந்த வயதில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்த சோகை. ஃபெரிட்டின் 7 என்பதால் காரணம் இரும்பே. அங்கன்வாடி சிரப் தடுப்புக்கானது. 1 மில்லியில் 20 மி.கி. இரும்பு, வாரம் இரண்டு நாள். 50 மில்லி பாட்டில் ஏறக்குறைய ஆறு மாதம் வர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்ந்தால் அளவு தவறு. சிகிச்சைக்குக் கிலோவுக்கு 3 மி.கி. கணக்கில் உங்கள் பையனுக்குத் தினம் 33 மி.கி. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சிகிச்சை முடியும் வரை அங்கன்வாடி மருந்தை நிறுத்திவைக்கலாம்.

அதே ரிப்போர்ட்டில் சிவப்பணு எண்ணிக்கையையும் பாருங்கள். 50 லட்சத்துக்கு மேலே இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கடத்தியா என்ற கேள்வி வரும். ஒரு மாதம் இரும்பு கொடுத்தும் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறாவிட்டாலும் அதைத்தான் அடுத்து பார்ப்பார்கள்.

பொடிமாத்திரை:

லேபிளில் இரண்டு எடை இருக்கும்: இரும்பு உப்பின் (சேர்மத்தின்) எடை, அதிலுள்ள தனிம இரும்பின் எடை. உங்களுக்குத் தேவை இரண்டாவது. 5 மில்லியில் தனிம இரும்பு 30 மி.கி. என்றிருந்தால் ஐந்தரை மில்லி. வீட்டு ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து நாக்கின் பின்பக்கம் விட்டு மேலே தண்ணீர் கொடுங்கள், பல்லில் கறை படியாது. பாலுக்கும் மருந்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல், சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு, மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். பாட்டிலைப் பூட்டிவையுங்கள். இனிப்பாக இருப்பதால் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். கிலோவுக்கு 60 மி.கி. தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் பாட்டிலோடு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.