புதுப்பிப்பு: சிட்னி வாடகை வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் சுவர், வேலை முடிந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. 1970களில் கட்டிய எங்கள் வாடகை வீட்டில், துணி துவைக்கும் அறையின் ஃபைப்ரோ (இழை கலந்த சிமென்ட் பலகை) சுவர் உடைந்து சாம்பல் நிறத் துண்டுகள் உதிர்ந்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, "பெருக்காதீர்கள், துளை போடாதீர்கள், ஏஜெண்டுக்கு எழுத்தில் அனுப்புங்கள்" என்ற யோசனைதான். போனில் இரண்டு வாரம் அசையாத வீட்டு ஏஜெண்ட், படங்களோடு மின்னஞ்சல் போனதும் மறுநாளே மதிப்பீட்டாளரை அனுப்பினார். ஆய்வகத்தில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் என்று உறுதியானது.

எதிர்பாராதது தாமதம். சுவர் 14 சதுர மீட்டர். நியூ சவுத் வேல்ஸில் 10-ஐத் தாண்டினால் உரிமம் பெற்றவர்தான் கழற்ற வேண்டும். அவரும் சேஃப்வொர்க்குக்கு (மாநில அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு) 5 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். அதுவரை அறையைப் பூட்டி, கதவிடுக்கில் டேப் ஒட்டி வைத்தோம். தவழும் குழந்தை இருக்கும் வீடு, தூசு மூச்சில் போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் இருந்தேன்.

பலகைகளை நனைத்து, உடைக்காமல் முழுசாகக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி எடுத்துப்போனார்கள். அப்புறம் அந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவர் சோதித்து, அறை பாதுகாப்பானது என்று சான்றிதழ் தந்த பிறகே உள்ளே போனோம். அதன் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். செலவு முழுவதையும் வீட்டு உரிமையாளரே ஏற்றார்.