கடையில் சுற்றிய ரீலும் கரையில் வீசிய ரீலும்

இழையைத் தொடங்கியவர், செங்கல்பட்டு

ஏரியில் தூண்டில் வீசி விரால் பிடிப்பதற்காக, நரம்பு சுற்றிய உருளை வீச்சில் அசையாமல் நிற்கும் ஸ்பின்னிங் ரீலை விட்டுவிட்டு, அந்த உருளையே (ஸ்பூல்) சுழன்று நரம்பை விடும் பெய்ட்காஸ்டிங் ரீலுக்கு மாறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் என் கையில் புழங்கிய ரீல்களை வீச்சிலும் மென்மையிலும் ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன். நண்பர்களும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன்.

முதல் ரீலை வாங்கிய நாளில் கடைக்காரர் அதன் கைப்பிடியை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, இதுதான் மென்மை என்று நம்பிப் பணத்தைக் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலையில் ஏரிக்கரையில் நின்று வீசிய முதல் வீச்சிலேயே நரம்பில் சிக்கு விழுந்தது. அதைப் பிரித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. பின்னொரு நாள் ரீலைப் பிரித்துத் துடைத்தபோதுதான் விஷயம் விளங்கியது. வீசுவதற்காகக் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியவுடன் பற்சக்கரம் ஸ்பூலை விட்டு விலகிவிடுகிறது. கைப்பிடியும் அதனோடு சேர்ந்த உறுப்புகளும் வீச்சில் பங்கெடுப்பதே இல்லை. அப்படியிருக்க, கடையில் நான் பார்த்து மயங்கிய சுழற்சி வீச்சைப் பற்றி என்ன சொல்லியிருக்க முடியும்?

சிக்கு விழுவதற்குக் காரணம் எளிமையானது. கையை விட்டுப் புறப்படும் கணத்தில் லூர் (செயற்கை இரை) அதிக வேகத்தில் இருக்கிறது, அதற்கு ஈடுகொடுத்து ஸ்பூலும் சுழல்கிறது. காற்றின் எதிர்ப்பால் லூரின் வேகம் உடனே குறையத் தொடங்கினாலும், சுழற்சி ஏறிவிட்ட ஸ்பூல் அதே வேகத்தில் நரம்பை அவிழ்த்துக்கொண்டே போகிறது. போவதற்கு இடமில்லாத நரம்பு ஸ்பூலின் மேலேயே புடைத்துச் சுருண்டுகொள்கிறது. பிரேக் இதைத் தடுப்பதற்காகவே இருக்கிறது. என் கணிப்பில், ஒரு ரீலுக்கும் இன்னொரு ரீலுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி, பிரேக் எந்த நேரத்தில் பிடிக்கிறது, எந்த நேரத்தில் விடுகிறது என்பதில்தான் இருக்கிறது.

இப்போது என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று ஷிமானோ குராடோ. அதன் பிரேக் மையவிலக்கு வகையைச் சேர்ந்தது; ஸ்பூல் சுழலும்போது சிறு கட்டைகள் வெளிப்புறம் ஒதுங்கி ஒரு வளையத்தில் உராய்கின்றன. இந்தப் பிடிப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப ஏறி இறங்குவதால், தொடக்கத்தில் அழுத்திப் பிடித்துவிட்டு வேகம் தணிந்ததும் ஏறத்தாழ முழுவதுமாக விட்டுவிடுகிறது. வீச்சின் கடைசிப் பகுதியில் லூர் தடையில்லாமல் மிதந்து போவதைக் கையிலேயே உணரலாம். மற்றொன்று டைவா டாட்டுலா எஸ்.வி. இதில் உராய்வு கிடையாது. ஸ்பூலோடு சுழலும் உலோகக் கிண்ணம் காந்தங்களுக்கு நடுவே நுழையும்போது அதில் எழும் சுழல் மின்னோட்டம் வேகத்தை அடக்குகிறது. சாதாரணக் காந்தப் பிரேக் வீச்சின் முடிவு வரை கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்கும். டாட்டுலாவில் வேகம் கூடும்போது கிண்ணம் காந்தத்தை நோக்கி வெளியே நகர்கிறது, குறையும்போது உள்ளே திரும்பிவிடுகிறது.

14 கிராம் தவளை லூரைக் காற்றில்லாத காலையில் வீசினால் குராடோ நான்கைந்து மீட்டர் கூடுதலாகப் போகிறது. ஆனால் கருவேல மரக் கிளைக்கு அடியில், ஆகாயத்தாமரைக்கு நடுவே உள்ள சிறு திறப்பில் லூரைத் தாழ்வாகச் செருக வேண்டுமானால் என் கை டாட்டுலாவைத்தான் தேடுகிறது. விரால் நிற்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட இடத்தில்தான். நடு ஏரியில் கிடைக்கும் ஐந்து மீட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மறுமொழி, ஈப்போ

வணக்கம் அண்ணா. நான் மலேசியாவின் தெமெங்கோர் ஏரியில் தோமான் (விரால் இனத்துப் பெரிய மீன்) பிடிக்கச் செல்பவன். எங்களுக்கு ஐந்து மீட்டர் பெரிய விஷயம். காற்றை விழுங்கத் தோமான் நீர்மட்டத்திற்கு வந்து திரும்பும் வளையத்தைக் கண்டவுடன், அது அடியில் இறங்குவதற்குள் அந்த இடத்தைத் தாண்டி லூரைப் போட்டாக வேண்டும். குறிபார்க்க நேரம் இருக்காது. பதற்றத்தில் வீசும் வீச்சில்தான் சிக்கு விழும், அதற்குள் மீன் போய்விடும்.

இந்தக் காரணத்திற்காகவே ஷிமானோவின் டி.சி. (டிஜிட்டல் பிரேக் கட்டுப்பாடு) வகை ரீல் ஒன்றை வாங்கினேன். 2003இல் கல்கட்டா கான்குவெஸ்ட் ரீலில் அறிமுகமான இந்த முறை, முன்பு விலை உயர்ந்த ரீல்களில் மட்டும் இருந்து, பிறகு குராடோ, எஸ்.எல்.எக்ஸ். வரை இறங்கி வந்தது. உள்ளே இருக்கும் நுண்கணினி ஸ்பூலின் வேகத்தைக் கவனித்துப் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிறது. இதற்கு பேட்டரி தேவையில்லை, ஸ்பூலின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. வீசும்போது ‘ஊஈஈ’ என்று ஒரு ஓசை எழும். அதைக் கேட்டு என் தம்பி, மீனைப் பிடிக்கிறாயா அல்லது கொசுவை விரட்டுகிறாயா என்று கேலி செய்தான்.

அதன் குணத்தை நேர்மையாகச் சொல்வதானால், தூரத்தில் அது நன்றாகப் பழகிய கட்டைவிரலை வென்றுவிடவில்லை. படகில் நாள் முழுவதும் வீசிக் களைத்த பிறகு, மாலை நான்கு மணிக்கு வீசும் வீச்சும் காலை ஏழு மணி வீச்சைப் போலவே விழுகிறது என்பதுதான் அதன் பயன். எனினும் ஸ்பூல் இறுக்கக் குமிழைச் சரியாக வைக்காவிட்டால் அதுவும் காப்பாற்றாது. லூரைத் தொங்கவிட்டால் அது மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். இந்த அளவுக்குக் குமிழைத் திருகிய பிறகே பிரேக்கைத் தொடுகிறேன். லூரை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன்.

மறுமொழி, மட்டக்களப்பு

நான் வாவியில் கொடுவாவுக்கு வீசுகின்றேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் வீசும்போது, மேலே எழுதப்பட்ட ஒப்பீடு தலைகீழாகிவிடுவதைக் கண்டேன். லூரின் வேகம் பாதி வழியிலேயே சட்டென்று குறைந்துவிடுவதால், பிற்பகுதியில் விட்டுவிடும் பிரேக் அங்கே உதவாது. கடைசி வரை சற்றுப் பிடித்துக்கொண்டே இருக்கும் சாதாரணக் காந்தப் பிரேக்தான் எனக்குக் கைகொடுத்தது. தூரம் குறைந்தாலும், சிக்கெடுக்கும் நேரம் மிச்சம்.

மென்மையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நான் முதலில் வைத்திருந்த, பெயர் சொல்ல விரும்பாத ஒரு ரீல் வாங்கிய புதிதில் வெண்ணெய் போலச் சுற்றியது. உப்புநீரில் ஒரு பருவம் கழிந்தபின், மீன் இழுக்கும்போது கைப்பிடியில் மணலை அரைப்பது போன்ற நெறுநெறுப்பு வந்துவிட்டது. பிழையில் பாதி என்னுடையது. குழாயை வேகமாகத் திறந்து நேரே பீய்ச்சிக் கழுவியதால் உப்பு உள்ளே தள்ளப்பட்டுவிட்டது. இப்போது டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை) இறுக்கிவிட்டு, நன்னீரை மெல்லத் தெளித்து, துணியால் துடைத்து நிழலில் காயவிடுகின்றேன். ஸ்பூல் பேரிங்குக்கு ஒரு துளி எண்ணெய், பற்சக்கரத்திற்குக் கிரீஸ். இரண்டையும் மாற்றிப் போடுவதில்லை. பேரிங்கில் கிரீஸ் ஏறிவிட்டால் வீச்சு செத்துவிடும்.

மறுமொழி, மதுரை

ஐயா, நான் புதியவன். என்னிடம் இருப்பது விலை குறைந்த ரீல். 7 கிராம் லூரை வீசினால் பத்து மீட்டரைக்கூடத் தாண்டவில்லை, பிரேக்கைக் குறைத்தால் உடனே சிக்கு விழுகிறது. வேறு ரீல் வாங்குவதைத் தவிர வழி இல்லையா?

இழையைத் தொடங்கியவர், செங்கல்பட்டு

மதுரை நண்பருக்கு: வாங்குவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். உங்கள் ஸ்பூலில் விளிம்பு வரை நரம்பு நிரம்பியிருக்கும் என்று ஊகிக்கிறேன். இலேசான லூரால் அந்தக் கனத்தை அசைத்துச் சுழற்ற முடியாது. பாதி நரம்பை எடுத்துவிடுங்கள், 60 மீட்டர் இருந்தால் ஏரிக்குப் போதும். அடியில் சிறிது நைலான் நரம்பைச் சுற்றி அதன்மேல் பிரெய்டை (பின்னல் நரம்பை) கட்டுங்கள். வெறும் பிரெய்டு ஸ்பூலில் வழுக்கிச் சுற்றும். இதற்கு ஒரு விலை உண்டு. 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள நிறைந்த ஸ்பூலும் 7.4 பல்விகிதமும் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.4 சுற்று) சேர்ந்தால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 79 சென்டிமீட்டர் நரம்பு உள்ளே வரும். நரம்பு குறைந்து விட்டம் 26 ஆகிவிட்டால் வருவது 60 சென்டிமீட்டர்தான். தவளை லூரை விரால் அடித்த பிறகு தொய்வை அள்ளியெடுக்கும்போது இந்த இழப்பை உணர்வீர்கள், சற்று வேகமாகச் சுற்றுங்கள்.

மட்டக்களப்பு நண்பர் சொன்ன நெறுநெறுப்பைக் கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கைப்பிடியைச் சுண்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, நரம்பின் நுனியை நண்பர் ஒருவரைப் பிடித்து இழுக்கச் சொல்லி, அந்தச் சுமையோடு சுற்றிப் பாருங்கள். புதிய ரீலில் கெட்டிக் கிரீஸ் இருப்பதால் வெறுமனே சுற்றும்போது சோம்பலாகத் தெரிகிற ஒன்று, சுமையில் பல்லோடு பல் வழுக்கிக்கொண்டு ஓடும். நான் கடைசியாக வாங்கியதை அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர்தான் சற்று முகம் சுளித்தார்.

மறுமொழி, ஈப்போ

அண்ணா, பாதி நரம்பு விஷயத்தை நேற்று டி.சி. ரீலிலும் செய்து பார்த்தேன். பீகாக் பாஸ் மீனுக்கு வீசும் 7 கிராம் லூர் முன்பைவிடத் தாழ்வாகவும் நேராகவும் போனது, ரீலின் ஓசை மட்டும் இன்னும் கீச்சென்று உயர்ந்துவிட்டது. தம்பியை அடுத்த முறை அழைத்துச் செல்வதாக இல்லை.